மேல்தேரியில் மழை இறங்கவில்லை

தேரிக்குப் போகிற வழி முழுக்க ஜெயகரன் வாய் மூடவில்லை. கம்பெனியின் தென்மண்டல மேலாளர் அவன். மண்ணைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், செம்மண் வெள்ளைச் சட்டையில் பட்டால் லேசில் போகாது என்பதுதான். பின் சீட்டில் இருந்த டாக்டர் எமெல்டா ரொட்ரிகோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவனுக்குப் பதில் கம்பெனி ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கியிருக்கலாம், அதுவாவது சும்மா இருக்கும்போது சத்தம் போடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க நிறையப் பேச வேண்டியதில்ல மேம். பொருக்க மிதிச்சது மேல்தேரிக்காரங்கதான்னு ஒரு வார்த்தை. விசாரணை அதிகாரி எழுதிக்குவார். மத்தியானம் குளச் சங்கத்துல சாப்பாடு. சீலா மீன் சொல்லியிருக்காங்க."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்க்க அதுல என்ன மேம் இருக்கு?"

சொன்னால் அவனுக்குப் புரியும் என்ற நம்பிக்கை அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

தேரி என்பது கடலுக்குச் சற்று உள்ளே கிடக்கிற செம்மணல் காடு. ஆடிக் காற்றில் அந்த மணல் எழுந்து நடக்கும். தோட்டத்தை மூடும், ரோட்டை மூடும், சில வருஷம் வீட்டு வாசலையும் மூடும். அதை நிறுத்த வழி உண்டா என்று அரசு கம்பெனியிடம் கேட்டது, கம்பெனி எமெல்டாவிடம் கேட்டது. பாலைவனங்களில் மணலுக்குத் தானாக ஒரு மேல்தோல் வளர்வதுண்டு. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி நூல் நூலாகப் பரவி மணலோடு மணலைக் கோத்துக்கொள்ளும். ஆறுகிற புண்மேல் பொருக்குக் கட்டுவது போல இருக்கும். இயற்கையில் அது வளர ஒரு தலைமுறை பிடிக்கும். எமெல்டா அந்தப் பாசியின் மரபணுவில் கை வைத்து, ஒரே மழைக்காலத்தில் வளருகிற மாதிரி செய்தாள். தேரி முழுக்கத் தெளித்தார்கள். செம்மணல் கறுத்தது. மணல் நின்றது. உயிர்ப்பொருக்கு என்று அவள் பேர் வைத்தாள். ஜனங்கள் பொருக்கு என்றார்கள். விழாவுக்கு வந்த அமைச்சர், தானே போய் மணலைக் கயிறு போட்டுக் கட்டியது போலப் பேசினார். எமெல்டா அன்று தலைவலி என்று சொல்லி விடுதி அறையில் படுத்துக்கொண்டாள்.

மிச்சத்தை மழை செய்தது. பொருக்கு நனைந்தால் உப்பும். உப்பினால் மணலின் துவாரமெல்லாம் அடைபடும். அதுவரை தேரியில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே மறைந்துவிடும், ஒரு ஓடைகூட ஓடாது. பொருக்கு வந்த பிறகு அதே மழை மொட்டைமாடியில் பெய்தது போல வழிந்து, அடிவாரத்து முத்தாரங்குளத்தில் போய் விழுந்தது. யாரும் நினைத்துப் பார்க்காத குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. குளத்தடி ஊர்க்காரர்கள் கண்ட இடத்திலெல்லாம் வாழை போட்டார்கள், தென்னை வைத்தார்கள், சங்கம் அமைத்தார்கள். பொருக்கில் எவனும் கால் வைக்கக் கூடாது என்று விதி எழுதி, காவலுக்கு ஆளும் போட்டார்கள்.

சரிவின் உச்சியில் மேல்தேரி என்று ஒரு குடியிருப்பு. அதன் கிணறுகளில் ஊறியது மணலில் இறங்கிய மழைதான். மழை இறங்கவில்லை. கிணறுகள் வற்றின. அவர்கள் மனு கொடுத்தபோது கம்பெனி எமெல்டாவிடம் கருத்துக் கேட்டது. "மணல் பறக்கக் கூடாதுன்னு கேட்டீங்க, பறக்கல. இதுக்குமேல என்ன?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பொருக்கு பல இடங்களில் உடைந்து கிடக்கிறது. மேல்தேரிக்காரன் ஒருவன்மேல் வழக்கு. அது நிரூபணமானால் மொத்தக் குடியிருப்பையும் வேறிடத்துக்குப் பெயர்த்துவிடலாம் என்று சங்கம் காத்திருந்தது.

சங்கத் தலைவர் லிங்கதுரை சரிவின் அடியில் நின்றிருந்தார். முன்னாள் பஸ் முதலாளி. யாரோ எங்கிருந்தோ படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது போல எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பார்.

"டாக்டரம்மா, இந்த ஊரு இன்னைக்குச் சோறு திங்கிதுன்னா அது உங்களால. உங்களுக்கு ஒரு சிலை வைக்கணும்னு சங்கத்துல பேசிக்கிட்டு இருக்கோம்."

"எங்க வைப்பீங்க? பொருக்குல கால் வைக்கக் கூடாதே."

அவர் பெரிதாகச் சிரித்தார். ஜெயகரனும் சிரித்தான். எமெல்டா சிரிக்கவில்லை.

காவலாள் பலகைகளைப் போட, அவள் அதன்மேல் நடந்து, உடைந்த இடத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். பொருக்கில் ஒரு தடம் பட்டால் வருஷக்கணக்கில் அழியாது. ஆனால் நிறம் மாறும். முதலில் வெறும் செம்மணல் தெரியும், அப்புறம் சாம்பல் பூக்கும், பிறகு மெல்லப் பச்சை, கடைசியில் கறுப்பு. அதை வைத்துத் தடத்தின் வயசைச் சொல்லிவிடலாம். இங்கே பார்த்த தடம் எதிலும் சாம்பலைத் தாண்டிய நிறமில்லை, அதாவது ஒன்றிரண்டு மாசத்துக்குள் பட்டவைதான். மேலேயிருந்து வந்த தடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழே தென்னந்தோப்புகளிலிருந்து ஏறி, ஒரு வட்டாரத்தை நன்றாக மிதித்துக் கூழாக்கிவிட்டு, மறுபடி தோப்புக்கே இறங்கியிருந்தன.

அவள் விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்தாள். மிதிபட்ட இடத்தில் மாசி மழையின் ஈரம் ஆழத்தில் இன்னும் இருந்தது. மிதிபடாத இடத்தில் பொருக்குக்குக் கீழே மணல் பொரியரிசி மாதிரி உதிர்ந்தது. விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை இல்லாத நாளில் தென்னைக்குக் கிணறுதான் கதி. பொருக்கு வந்ததிலிருந்து தோப்புக் கிணறுகளும் வற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவனும் தன் தோப்புக்கு மேலே உள்ள பொருக்கை மட்டும் ரகசியமாக மிதித்து, மழையைத் தன் கிணற்றுக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான். கூட்டத்தில் பொருக்கு எங்கள் உயிர் என்று பேசுகிறவனும் அவன்தான்.

"இதுக்கு நேர் கீழ இருக்கிறது யார் தோப்பு?" என்று எழுந்து கேட்டாள்.

லிங்கதுரை போனைப் பார்த்தபடி சொன்னார். "நம்மளதுதான்."

குற்றம் சாட்டப்பட்டவனைப் பார்க்க வேண்டும் என்று எமெல்டா சொன்னதும் ஜெயகரன் முகம் சுருங்கியது. அவன் காரிலேயே இருந்துகொண்டான். அவள் தனியாக மேல்தேரிக்குள் போனாள்.

பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மனு கொடுத்தே காலத்தை ஓட்டுகிற ஜனம் என்று அவளுக்கு இவர்கள்மேலும் இளக்காரம்தான். வேப்பமரத்தடியில் தண்ணீர்க் கேன்கள் ஏற்றிய ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. காக்கிச் சட்டையைச் சேலைமேல் போட்டிருந்த ஒருத்தி கேன்களை இறக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். பேர் சந்தனமாரி. வழக்கில் மாட்டிய சுடலைமுத்துவின் அக்கா.

"நீங்கதான் அதக் கண்டுபிடிச்சவுகளா?" என்றாள், கேனைக் கீழே வைக்காமலே. "அதுல விஷம் இருக்கு. எங்க ஆடு நக்கிட்டுச் செத்துப்போச்சு."

"விஷம் கிடையாது. ஆடு பட்டினில செத்திருக்கும்."

"நீங்க பாத்தீயளா?"

"பார்க்க வேண்டாம். அதைச் செஞ்சவ நான்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

எமெல்டா எரிச்சலை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சுடலைமுத்து கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். ஓடிப்போன ஆட்டை மறிக்க மேல்தேரி ஓரத்துப் பொருக்கில் இறங்கியிருக்கிறான். காவலாட்கள் அடித்து ஓடையில் தள்ளியதில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எப்போது என்று கேட்டாள்.

"பொங்கலுக்கு முந்தின வாரம்," என்றான் அவன். "அப்ப வுழுந்தவன்தான். எந்திரிக்கல."

கீழே அவள் பார்த்த தடங்கள் எல்லாம் பொங்கலுக்குப் பிந்தியவை. அவள் தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். சந்தனமாரி அவளைக் கூப்பிடாமலே கிணற்றடிக்கு நடந்தாள். எமெல்டாவும் போனாள். உள்ளே ஆழத்தில் காய்ந்த மணலும் ஒரு உடைந்த வாளியும் தெரிந்தன.

"மழை எங்க தலைக்கு மேலதான் பெய்யுது," என்றாள் சந்தனமாரி. "வீட்டுக்குள்ள ஒழுகுது. துணி நனையுது. கெணத்துக்கு மட்டும் வரமாட்டேங்கு. இது என்ன படிப்பு மேடம்?"

"விசாரணைல உன் தம்பிக்குச் சாதகமாத்தான் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. சொன்னாத் தண்ணி வந்துருமா?"

விசாரணை குளத்தடி ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. விசாரணை அதிகாரி இளைஞர். போன் அதிரும்போதெல்லாம் அவர் கண் மேஜைக்குக் கீழே போய் வந்தது. எமெல்டா எழுந்து, தடங்களின் நிறத்தைச் சொன்னாள், திசையைச் சொன்னாள். ஈரம் எங்கே இருந்தது, எந்தெந்தத் தோப்புக்கு நேர் மேலே என்று பேரோடு சொன்னாள். லிங்கதுரையின் தோப்பை முதலில் சொன்னாள்.

அவள் உட்கார்ந்தாள். இப்போது இவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் பார்க்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

லிங்கதுரை நிதானமாக எழுந்தார். "டாக்டரம்மா சொன்னது ரொம்பச் சரி. நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம். பொருக்க அங்கங்க கொஞ்சம் மிதிச்சு விட்டாத்தான் கெணத்துக்கு நல்லதுன்னு விஞ்ஞானமே சொல்லுது. அதனால விதிய கொஞ்சம் மாத்திக்கிடுவோம். பட்டா நிலம் வச்சிருக்கவன், அவன் நிலத்துக்கு மேல உள்ள பொருக்க, சங்கத்துல அனுமதி வாங்கி மிதிச்சுக்கிடலாம். பராமரிப்பு மிதிப்புன்னு பேரு போட்டுக்கிடலாம்."

"மேல்தேரிக்காரங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"அவுக இருக்கது புறம்போக்கு சார். பட்டா கெடையாது. சட்டப்படி அனுமதி குடுக்க வழி இல்லியே. ஆனா ஒண்ணு, அந்தப் பையன்மேல உள்ள கேஸ வாபஸ் வாங்கிக்கிடுதோம். நாங்களும் மனுசங்கதான்."

கை தட்டினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற சந்தனமாரி ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எமெல்டாவுக்குக் காது சூடானது. உண்மையைப் போட்டு உடைத்தால் இவர்களுக்கு வெட்கம் வரும் என்று தான் எதிர்பார்த்ததை நினைக்கத்தான் அவளுக்குக் கேவலமாக இருந்தது. திருடனுக்குத் திருட்டைப் பாடம் நடத்தியதுபோல் ஆகிவிட்டது. ஜெயகரன் அவள் தோளருகே குனிந்து, "சூப்பர் மேம். ரெண்டு பக்கமும் திருப்தி. சாப்பிடப் போலாமா?" என்றான்.

அவள் மீன் சாப்பிடவில்லை. அவன் காரிலும் ஏறவில்லை. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, ரயிலடிக்குப் போக வேண்டும் என்றாள். சந்தனமாரி மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காலி கேன்களை ஒதுக்கி இடம் செய்தாள்.

ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு பக்கமும் கறுத்த தேரி வெயிலில் கிடந்தது.

"அதைச் சாகடிக்க மிதிக்க வேண்டாம்," என்றாள் எமெல்டா திடீரென்று. "தண்ணி தெளிச்சாப் போதும்."

சந்தனமாரி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"அந்தப் பாசி காய்ஞ்சு கிடக்கும்போது தூங்குது. எத்தனை வருஷம் வேணும்னாலும் தூங்கும். ஒரு சொட்டுத் தண்ணி பட்டா முழிச்சுக்கும். முழிச்ச உடனே கையில இருக்கிற சேமிப்பைச் செலவழிச்சு உடம்பைச் சரி பண்ணும். அப்புறம்தான் வெயிலை வாங்கிச் சாப்பாடு தயாரிக்கும். நல்ல மழைன்னா ஈரம் நாள்கணக்குல நிக்கும், செலவழிச்சதுக்கு மேலயே சம்பாதிச்சுடும். கோடை மத்தியானத்துல லேசா ஒரு தெளி தெளிச்சா, உலை வைக்கிறதுக்குள்ள காஞ்சுடும். செலவுதான், வரவு இல்ல. தினம் அப்படி எழுப்பி எழுப்பிப் படுக்க வெச்சா, ஒரு கோடைக்குள்ள பட்டினில செத்துடும்."

"எங்க குடிதண்ணிய அதுக்கு ஊத்தச் சொல்லுதீய."

"கொஞ்சம்தான். உங்க குடியிருப்பைச் சுத்தி மட்டும். கையால விசிறி, பாதையில நின்னே தெளிக்கலாம். கால் வைக்கக் கூடாதுன்னுதான் விதி. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இல்ல."

"நான் ஒரு கேன் தண்ணிக்கு எங்கெல்லாம் போய்ப் புடிச்சுட்டு வாரேன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுல பாதிய வெயில்ல விசிறிட்டு வீட்டுல எல்லாரும் நாக்க வழிச்சுக்கிட்டு இருக்கணுமாக்கும். நீங்க படிச்சவுகன்னு தெரியும் மேடம். கிறுக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"செய்யணும்னா செய். இல்லன்னா மனு எழுது."

ரயிலடியில் சந்தனமாரி ஆட்டோவை நிறுத்தினாள். எமெல்டா பதில் எதிர்பார்க்காமல் இறங்கிக்கொண்டாள். இவர்களால் எதையும் தொடர்ந்து செய்ய முடியாது என்பது அவள் தீர்மானம்.

சித்திரை பாதியில் ஜெயகரன் போன் செய்தான். குரலில் கல்யாணக்களை.

"மேம், மேல்தேரிக்காரங்க திருந்திட்டாங்க. தினம் மத்தியானம் பொருக்குக்குத் தண்ணி தெளிக்கிறாங்க. தெளிச்ச உடனே பச்சைப்பசேல்னு ஆயிடுது. டிவியில காட்டிட்டாங்க. குடிக்கத் தண்ணி இல்லாத ஏழைங்க மண்ணுக்கு ஊத்துறாங்கன்னு ஒரே பாராட்டு."

எமெல்டா கையில் இருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தாள். ஒரு மாசத்துக்கு மேல் அவர்கள் விடாமல் தெளித்திருக்கிறார்கள். நாக்கு வறண்டு, கேனிலிருந்து அளந்து எடுத்து, எதிரிக்கு ஊற்றியிருக்கிறார்கள். அவள் போட்ட கணக்கு தப்பு.

"இதுல சங்கத்துக்குத்தான் மானப் பிரச்சினையாயிடுச்சு மேம். அவங்க ஊத்தறாங்க, நாம சும்மா இருக்கோம்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல? லிங்கதுரை அண்ணாச்சி குளத்துலேர்ந்து டாங்கர் போட்டுட்டார். தேரி முழுக்க, தினம் மத்தியானம். அவரே பைப்பைப் பிடிச்சுட்டு நிக்கிற படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. நல்லதுதானே மேம்?"

அவள் நினைத்தது குடியிருப்பைச் சுற்றி ஒரு வளையம். கிணற்றுக்கு அது போதும். தேரி முழுக்கச் செத்தால் வருகிற ஆடியில் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நிறைய ஊற்றி ஈரம் நாள்கணக்கில் நின்றால்கூடப் பொருக்கு பிழைத்துக்கொள்ளும். படத்தைத் திறந்து பார்த்தாள். லிங்கதுரை ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, நனைந்த பச்சைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேம்? லைன்ல இருக்கீங்களா?"

"ரொம்ப ஊத்திடப் போறாங்க," என்றாள் எமெல்டா. "மேலோட்டமா நனைஞ்சாப் போதும்னு சொல்லுங்க."

ஆடி பிறந்த வாரமே காற்று எடுத்தது. செத்த பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. இத்தனை வருஷம் கட்டிப்போட்டிருந்த மணல் மொத்தமாகக் கிளம்பியது. குளத்தடி வாழைகள் இலை இலையாகக் கிழிந்து நின்றன. ரோடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கம்பெனி பருவநிலையைக் குறை சொன்னது, சங்கம் கம்பெனியைக் குறை சொன்னது. அதே இளம் அதிகாரி எமெல்டாவைப் போனில் கூப்பிட்டுக் காரணம் கேட்டார்.

"கோடை மத்தியானத்துல தண்ணி தெளிச்சா அது செத்துடும்," என்றாள் அவள். "நான் எழுதின முதல் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கு. யாராவது படிச்சிருக்கணும்."

அதிகாரி அதை எப்படி அறிக்கையில் எழுதுவது என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த பொருக்கைச் செய்ய வேறு ஆள் இல்லை.

கார்த்திகையில் அவள் மேல்தேரிக்குப் போனாள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. செம்மணலில் கால் புதையப் புதைய ஏறினாள். மேற்கு ஓரத்து வீடுகளில் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. மழை பெய்து ஓய்ந்து நாளாகியிருக்கவில்லை, ஆனாலும் சரிவில் ஒரு துளி நீரோட்டம் கிடையாது. வழியில் பார்த்த முத்தாரங்குளம் சேறாகக் கிடந்தது.

கிணற்றடியில் சந்தனமாரி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கேன்கள் இல்லை, குடங்கள் இருந்தன. எமெல்டா எட்டிப் பார்த்தாள். கீழே வானம் தெரிந்தது.

"தம்பி எப்படி இருக்கான்?"

"மண்ணு வந்து மூடுன அன்னைக்கு நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு ஓடுனோம். வழியில கீழ போட்டுட்டோம். சேந்துக்கிட்டு வந்த எலும்பு மறுபடி வெலகிட்டு. இனிமே நடக்கதுக்கு இல்லன்னு சொல்லிட்டாவ." வாளியைச் சாய்த்துக் குடத்தில் ஊற்றினாள். "டாங்கர் வந்தப்பவே எனக்குத் தெரியும். போதும், நிறுத்துங்கன்னு நான் சொல்ல முடியுமா? ஏன்னு கேப்பாவ. நீங்க சொல்லிருக்கலாம்."

எமெல்டா பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தாள். அடியில் ஒரு சிட்டிகை பச்சை மண்.

"அடுத்த ஆடிக்குள்ள இதைப் போடலாம். இது புதுசு. முழுசா மூடாது, திட்டுத்திட்டாத்தான் வளரும். நடுவுல மழை இறங்கும், மணலும் பறக்காது. உங்க கிணறும் வத்தாது. கம்பெனிக்கு இன்னும் சொல்லல. முதல்ல இங்க காட்டணும்னுதான் வந்தேன்."

சந்தனமாரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சந்தையில் கத்திரிக்காய் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"திட்டுத்திட்டாத்தான் வளரும்."

"ஆமா."

"வளராம, முழுக்க மூடிட்டுன்னா? இதச் சாகடிக்க என்ன செய்யணும்? அத மொதல்ல சொல்லுங்க."

"இது சாகாது," என்றாள் எமெல்டா. பழைய பெருமை தானாகவே குரலில் ஏறியது. "பழசுல இருந்த அந்தக் குறையைச் சரி பண்ணிட்டேன். மத்தியானத்துல தண்ணி தெளிச்சாலும் சேமிப்பு குறையாது. மிதிச்சாலும் ஒரு வாரத்துல கூடிக்கும். எதுக்கும் இது…"

அவள் நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது.

சந்தனமாரி குப்பியைத் திருப்பி அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டாள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"அப்போ நீங்களே வச்சுக்கிடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.